"கையுறை போட்டுதான் டாக்டர் செஞ்சேன்": பழைய மரத்தில் பாட்டில் ஓப்பனர் செய்கிறவர்களுக்கு

பெட்டிக்கடையில் சணல் கயிற்றில் கட்டித் தொங்குமே, அந்தப் பாட்டில் ஓப்பனர்தான் விஷயம். கடையில் வாங்கினால் சில்லறைக் காசு. அதையே வீட்டில் கிடக்கும் பழைய மரத்துண்டில் மீனாக, ஆட்டோவாக, ஜல்லிக்கட்டுக் காளையாகச் செய்து நண்பர்களுக்குப் பரிசு கொடுப்பது இப்போது பலருக்குப் பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் அதைத் தொடங்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் துண்டால் சுற்றிய கையோடு அவசரப் பிரிவுக்கு வந்து நிற்கிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

நான் கை அறுவைச் சிகிச்சை மருத்துவர். மர மில் தொழிலாளி, பவர் பிரஸ் ஓட்டுபவர், கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் என்று எங்களிடம் வழக்கமாக வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, மெஷின் பக்கத்தில் நிற்காமல் முடியாது. இந்தப் புது ஆட்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வாரம் முழுக்க கீபோர்டு தட்டும் விரல்களை வார இறுதியில், வட்டப் பிளேடு சுழலும் ஆங்கிள் கிரைண்டருக்குக் கொடுக்கிறார்கள்.

கடைசியாக வந்தவர் செய்தது காளை மாடு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேக்கிங் பேலட்டிலிருந்து பிரித்த பலகை, உள்ளங்கை அளவுத் துண்டு. அதை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையில் ஆங்கிள் கிரைண்டர். மரம் அறுக்கும் பல் பிளேடு உள்ளே இடிக்கிறது என்று, பிளேடை மறைக்கும் கார்டைக் கழற்றியாகிவிட்டது. இரண்டு கொம்புக்கும் நடுவே உள்ள வளைவை அறுக்கும்போது பல் மரத்தில் கடித்து, கிரைண்டர் எகிறியது. ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாண் போய்விட்டது, நடுவிரல் பாதியில் துண்டு. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்கிறார்: "கையுறை போட்டுதான் டாக்டர் செஞ்சேன்."

இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சுழலும் கருவியின் பக்கத்தில் கையுறை பாதுகாப்பே இல்லை. ஆபத்தைக் கூட்டுவதே அதுதான். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கு. ஏதோ பட்டுவிட்டது என்று மூளைக்குத் தெரிந்து நீங்கள் கையை இழுப்பதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் பிளேடு முப்பது சுற்றுக்கு மேல் போயிருக்கும். வெறும் கை என்றால் பட்ட இடம் வெட்டுப்படும், பெரும்பாலும் கை விலகியும் விடும். கையுறை என்றால் அதிலிருந்து ஒரு நூல் பல்லில் மாட்டினாலே போதும், மொத்த உறையையும் சுருட்டி உள்ளே இழுத்துவிடும். உறையோடு விரலும் சேர்ந்துதானே போகும்?

எங்களுக்கு இதில் இன்னொரு தலைவலி. வெட்டுப்பட்ட விரல் வேறு, பிய்ந்த விரல் வேறு. துண்டான கட்டைவிரலை 1965-லேயே ஜப்பானில் கோமாட்சு, தமாய் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒட்டவைத்துக் காட்டிவிட்டார்கள். இன்று தமிழ்நாட்டிலேயே பல ஊர்களில் செய்கிறோம். விரலின் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய நூலால் அதைத் தைக்கிறோம். சுத்தமான வெட்டு என்றால் இரண்டு முனையும் கைக்கு அகப்படும். கையுறை இழுத்துப் பிய்த்த விரலில் குழாய் உள்ளுக்குள் நெடுக நைந்து போயிருக்கும், நரம்பு வேரோடு உருவிக்கொண்டு வந்திருக்கும். வேறு இடத்திலிருந்து சிரை என்ற ரத்தக்குழாயை எடுத்து இடையில் வைத்துத் தைத்தாலும் பல நேரம் ரத்தம் ஓடாது. பத்து மணி நேரம் உட்கார்ந்து தைத்த விரல் இரண்டாம் நாள் கறுத்தால் நோயாளிக்கு மட்டுமா வருத்தம்?

"அது சாதாரணக் கையுறை டாக்டர், நான் வெட்டுப்படாத கையுறை வாங்கியிருக்கேன்" என்று அடுத்தவர் வருவார். அது கத்தி வழுக்கினால் தாங்கும்படி செய்தது. சுழலும் பல்லுக்கு முன்னால் அந்த நூல் லேசில் அறுபடாது என்பதுதான் இங்கே சிக்கலே. அறுந்து தொலைத்தாலாவது விரலை விட்டுவிடும்.

ஆகவே கையுறையை எப்போது போடலாம்? பலகை தூக்கும்போது, ஆணி பிடுங்கும்போது, வார்னிஷ் அடிக்கும்போது. பிளக்கைச் சொருகுமுன் கழற்றி வையுங்கள். மோதிரமும் அப்படித்தான். முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேலே மடித்து விடுங்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு இருக்கிறது, கழற்றக் கூடாது என்றால் ஒன்று, மேலே டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். அல்லது கிரைண்டரைத் தொடாதீர்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கையுறைக் கதை போதும். உண்மையான காரணத்துக்கு வருகிறேன். ஓப்பனர் சின்னச் சாமான். சின்னத் துண்டைக் கையில் பிடித்தால் விரலுக்கும் பிளேடுக்கும் இடையே இரண்டு விரற்கடைகூட இருக்காது. தச்சு வேலை தெரிந்தவர் யாரும் இப்படிச் செய்ய மாட்டார். பெரிய பலகையாக இருக்கும்போதே அதில் உருவத்தை வரைந்து, வேலையை முடித்து, கடைசியில்தான் துண்டாக்குவார். துண்டை மேசையோடு சேர்த்து சி கிளாம்ப் போட்டோ, வைஸில் கவ்வ வைத்தோதான் கருவியை எடுப்பார். மூடி உட்காரும் குழிக்கு அகலமான டிரில் பிட் போடும்போதும் இதே கதைதான். பிட் கடித்தால் மரத்துண்டு கையோடு சேர்ந்து காற்றாடிபோலச் சுற்றும். டைல்ஸ் வெட்டும் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, இந்த வேலைக்கு கிரைண்டர் எதற்கு என்று யாராவது யோசித்தீர்களா? 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கிய அந்தத் தகர மூடிதான், பல் எண்ணிக்கை 24-லிருந்து 21 ஆகக் குறைந்ததைத் தவிரப் பெரிய மாற்றமில்லாமல் இன்றும் வருகிறது. அதைத் திறக்க ஒரு சாண் மரமும் ஒரு திருகாணியும் போதும். நுனிக்குக் கொஞ்சம் உள்ளே திருகாணியை முறுக்கி, அதன் தலை மூடியின் விளிம்புக்கு அடியில் நுழையும் அளவுக்கு மட்டும் வெளியே விட்டால் வேலை முடிந்தது. காளையோ மீனோ, வளைவுகளை அறுக்கக் கோப்பிங் சா என்ற மெல்லிய கைரம்பம் இருக்கிறது. அப்புறம் ஓர் அரம், உப்புத்தாள். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆகும், ஆகட்டுமே. கைரம்பம் வழுக்கினாலும் காயம் வரும்தான். தையல் போட்டு அனுப்பும் காயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மர விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தொல்லை கொடுப்பது நிறைய. பேலட் பலகையில் ஆணித் தலை உடைந்து மீதி உள்ளேயே இருக்கும். பிளேடு அதில் மோதினால் பல் தெறிக்கும், கண்ணுக்கு முழுதாக மூடும் கண்ணாடி கட்டாயம். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அறுக்குமுன் ஒரு காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டுப் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையோடு சூடு போட்ட எழுத்துகளில் 'எச்டி' (HT) என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது. 'எம்பி' (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகையடித்தது, வேண்டாம். பழைய பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டமும் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் தூளாகி மூச்சில் போகும்.

சிராய் ஏறுவது எல்லோருக்கும் அற்ப விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை. மரச் சிராய் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரேயில ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு மாதம் வீங்கிய கட்டைவிரலோடு வருவார்கள். அல்ட்ராசவுண்டில் வைத்துப் பார்த்தால் அரிசி நீளத்தில் உள்ளே கிடக்கும். மரம் உடம்புக்குள் சும்மா இருக்காது, சீழ் பிடிக்கும். குத்தியது மரம் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டெட்டனஸுக்கான டிடி ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணியில்தான் கிருமி இருக்கும் என்றில்லை, மண் பட்ட எதிலும் இருக்கும்.

செய்து முடித்த ஓப்பனராலும் வருகிறார்கள். மர ரேகை கைப்பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். அழகுக்காகக் குறுக்கே வைத்தால் நெம்பும்போது பட்டென்று முறியும். திருகாணி சரியாகக் கவ்வாமல் முரட்டுத்தனமாக அழுத்தினால் பாட்டில் கழுத்துச் சில்லு பெயர்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கும். ஓப்பனரே இல்லாமல் பல்லால் கடித்துத் திறக்கும் வீரர்களைப் பல் மருத்துவ நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன்.

இனி, இத்தனைக்குப் பிறகும் பட்டுவிட்டால்.

காப்பித்தூள் வைக்காதீர்கள். மஞ்சள், டீத்தூள், பவுடர் எதுவும் வேண்டாம்; மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே அதை ஒவ்வொரு துகளாகப் பொறுக்குகிறவன் நான். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். ரத்தத்தை நிறுத்த விரலில் ரப்பர் பேண்டு போடாதீர்கள், போட்டதை மறந்துவிடுவீர்கள். ரத்தம் நின்றதும் ஒவ்வொரு விரலிலும் நுனிக் கணு தனியாக மடங்குகிறதா, நுனியின் இரண்டு பக்கமும் தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றாலோ மரத்துப்போயிருந்தாலோ, மேலே காயம் நகக்கீறல் அளவே இருந்தாலும் உள்ளே தசைநாணோ நரம்போ போயிருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் தோலை மட்டும் தைத்துக்கொண்டு, விரல் மடங்கவில்லை என்று மூன்று வாரம் கழித்து வருகிறவர்களைப் பார்த்தால் திட்டுவதா ஆறுதல் சொல்வதா தெரிவதில்லை. அதற்குள் அறுந்த முனை உள்ளங்கைக்குச் சுருண்டு ஒட்டிப்போயிருக்கும். சரியான நேரத்தில் தைத்தாலே முழுப் பலம் வர மூன்று மாதம் பிசியோதெரபி ஆகும்.

விரல் துண்டாகிவிட்டால், தயவுசெய்து அதை நேரே ஐஸில் போடாதீர்கள். ஐஸ் பட்ட இடத்தில் திசு உறைந்து செத்துவிடும். பாலில் மிதக்கவிட்டும் கொண்டுவருகிறார்கள், அதுவும் வேண்டாம். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்துப் பிழிந்து, விரலை அதில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். சலைன் இல்லையென்றால் குடிதண்ணீர் போதும். விரலில் தசை கிடையாது, அதனால் இப்படிக் குளிர்ச்சியாக வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மணிக்கட்டோடு போனால் அவ்வளவு பொறுக்காது, ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட வேண்டும். நசுங்கியிருக்கிறது, பயன்படாது என்று நீங்களே முடிவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஒட்ட முடியாவிட்டாலும் அதிலிருந்து தோலோ எலும்போ நகமோ எங்களுக்கு உதவும்.

ஓடி வருமுன் ஒரு போன் போட்டு, நுண் அறுவைச் சிகிச்சை செய்கிறார்களா என்று கேளுங்கள். நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்குவதில்தான் பாதி நேரம் போகிறது. செலவுக்குப் பயந்து தயங்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. வெளியூர் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கூட வருகிறவர்களுக்கு ஒன்று: பயந்து போயிருக்கிறாரே என்று வழியில் காப்பி, ஜூஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால்தான் தாமதமில்லாமல் மயக்க மருந்து கொடுக்க முடியும்.