விண்டோஸ் 11-க்கு மாறிய பின் வைஃபை மந்தமா? பார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதியை ஒட்டித் தங்கள் பழைய மடிக்கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றியவர்களில் பலர், மாற்றிய சில நாட்களிலேயே எங்கள் கணினிப் பழுதுநீக்கும் கடைக்கு வந்து சொன்ன புகார் ஒன்றுதான்: மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, வைஃபை மட்டும் நகர மறுக்கிறது. கடைக்கு வருவதற்குள் அவர்கள் ரௌட்டரைப் பலமுறை அணைத்துப் போட்டிருப்பார்கள், இணைய இணைப்பு கொடுத்தவர்களிடம் சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். சிலர் வந்தவுடனேயே, "பார்மட் அடித்துக் கொடுத்துவிடுங்கள் சார்" என்று கேட்பதும் உண்டு. அப்படி வந்தவற்றில் உண்மையிலேயே பார்மட் தேவைப்பட்ட கணினிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எது மெதுவாக இருக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினியின் பக்கத்திலேயே கைப்பேசியை வைத்து, அதே வைஃபையில் இரண்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக வேகச் சோதனை செய்யுங்கள். இரண்டுமே மந்தம் என்றால் கணினியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கைப்பேசியில் நல்ல வேகமும் கணினியில் அதில் பத்தில் ஒரு பங்கும் காட்டினால் மட்டுமே மேற்கொண்டு படியுங்கள். இடையில் ஒன்று: இணையத் திட்டங்களில் சொல்லப்படும் வேகம் மெகாபிட் கணக்கு, கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 40 மெகாபிட் திட்டத்தில் நொடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகமே. இந்தக் கணக்கு தெரியாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் மடிக்கணினி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் ஆமை வேகத்தில் ஊர்ந்த அந்தக் கணினி, எங்கள் கடை வைஃபையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனபோது, வீட்டிலிருந்தபடியே செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் பிராபர்ட்டீஸ் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் விடை இருந்தது. புரோட்டோகால் என்ற இடத்தில் வைஃபை 4 என்னும் பழைய தலைமுறை, நெட்வொர்க் பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், லிங்க் ஸ்பீட் 72 மெகாபிட். பேண்ட் என்பது வைஃபை ஓடும் அலைவரிசை; இன்றைய ரௌட்டர்கள் பலவற்றில் மெதுவான 2.4, வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு இருக்கும். அதே கணினி 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் அந்த இடத்தில் 433 என்று காட்டியிருக்கும்.

லிங்க் ஸ்பீட் என்பது கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையே பேசிக்கொள்ளப்பட்ட உச்ச வேகம் மட்டுமே, உண்மையில் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலைமை இன்னும் மோசம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான், அவற்றில் அக்கம்பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் கடையில் இரண்டு பேண்டுகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். அவர் வீட்டு ரௌட்டரிலோ இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், எதைப் பிடிப்பது என்ற முடிவு கணினியின் கையில் இருந்தது.

விண்டோஸ் மாறியதால் அந்த முடிவு ஏன் மாற வேண்டும்? பெரிய பதிப்பு மாற்றத்தின்போது, மடிக்கணினி தயாரிப்பாளர் தந்த வைஃபை டிரைவருக்கு, அதாவது வைஃபை பாகத்தை இயக்கும் சிறு மென்பொருளுக்குப் பதிலாக விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான டிரைவரைப் பொருத்திவிடுவது உண்டு. டிரைவர் மாறும்போது அதில் முன்பு செய்து வைத்திருந்த அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, டிரைவர் பக்கத்தில் யார் தந்தது, எந்தத் தேதியுடையது என்று பாருங்கள். முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் பதிப்பு மாறிய கணினிகளில் அது பெரும்பாலும் மங்கிப்போய்க் கிடக்கும். அப்போது கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் சொந்த ஆதரவுத் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவ வேண்டும். அந்தப் பெண்மணியின் கணினியில் அப்படிச் செய்த பிறகுதான், அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரிஃபர்டு பேண்ட் என்ற தேர்வே கண்ணில் பட்டது. அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை என்று மாற்றியதோடு வேலை முடிந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும் என்பதால், ரௌட்டருக்கும் கணினிக்கும் நடுவே இரண்டு மூன்று அறைகள் இருக்கும் வீட்டில் இந்த மாற்றம் எதிர்விளைவையே தரக்கூடும்.

டிரைவரைத் தேடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். "உங்கள் கணினியில் 37 டிரைவர்கள் பழையவை" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டி, பணம் கட்டினால் எல்லாவற்றையும் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவை பொருந்தாத டிரைவர்களைத் திணித்து, ஒலி, திரை என்று நன்றாக இருந்தவற்றையும் கெடுத்து அனுப்பிய கணினிகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன். தானாக அழைத்து, தொலைவிலிருந்தே சரிசெய்து தருகிறேன் என்று திரையைப் பகிரச் சொல்பவர்களை அறவே நம்ப வேண்டாம்.

புதிய பதிப்பு நிறுவிய முதல் ஓரிரு நாட்கள் மந்தமாக இருப்பது இயல்பு என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சிய அப்டேட்டுகளும் ஸ்டோர் செயலிகளும் பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கும், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் உங்கள் கோப்புகளை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். மேலேற்றும் பாதை நிரம்பிவிட்டால், இறங்கும் தரவுக்குக் கணினி திருப்பி அனுப்ப வேண்டிய ஒப்புகைகளும் வரிசையில் காத்து நின்று, இறக்கத்தையும் இழுத்துப் பிடித்துவிடும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் யார் இழுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பேட்டரியில் ஓடும்போது மட்டும் மந்தமென்றால், அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில புதிய மாடல்களில் அந்தப் பக்கமே இருக்காது. லிங்க் ஸ்பீட் சரியாக 54-ஐத் தாண்டாமல் நின்றால் ரௌட்டரின் பாதுகாப்பு அமைப்பைச் சோதியுங்கள். டிகேஐபி என்னும் பழைய குறியாக்க முறையில் வைஃபை 4 முதலான வேகங்கள் அனுமதிக்கப்படுவதில்லை; அதைவிடப் புதிய டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறைக்கு மாற்றினால் வேகமும் கூடும், பாதுகாப்பும் கூடும். யுஎஸ்பி 3 வன்தட்டு செருகியிருக்கும்போது மட்டும் வைஃபை தள்ளாடுகிறதா? அந்த இணைப்பிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும், வன்தட்டைச் சற்று நீளமான வயரில் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

நெட்வொர்க் ரீசெட் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் அலுவலக நெட்வொர்க்கோடு வெளியிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அமைப்பையும் சேர்த்தே துடைத்துவிடும். எதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸ் 10-க்கே திரும்பும் வசதி மாற்றிய 10 நாட்கள் வரை இருக்கும், ஆனால் ஆதரவு முடிந்த பதிப்புக்குத் திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இப்போதெல்லாம் யாராவது வைஃபை மந்தம் என்று அழைத்தால், வீட்டில் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே அமர்ந்து, அந்தப் பிராபர்ட்டீஸ் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பல நேரங்களில் கணினியைக் கடைக்குக் கொண்டுவர வேண்டிய தேவையே இருப்பதில்லை.