எண்ணெய் கொப்பளித்தல்: வாய்க்குள் நடப்பது என்ன?

விடிந்ததும் வாயில் ஒரு பிசுபிசுப்பும் வாடையும் இருக்கும். தூங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரப்பதுதான் காரணம். பகலெல்லாம் வாயைக் கழுவிக்கொண்டிருந்த அந்த நீர் குறைந்துபோக, நாக்கின் பின்புறத்திலும் பல்லிடுக்கிலும் பாக்டீரியாக்கள் பெருகி, கந்தகம் கலந்த வாயுக்களை வெளிவிடுகின்றன. எண்ணெய் கொப்பளிப்பதை வெறும் வயிற்றில், காலையில் செய்யச் சொல்வது இதனாலும் பொருத்தமானது.

ஆயுர்வேதத்தில் இதற்கு இரண்டு முறைகள் உண்டு. வாய் நிறைய எண்ணெயை அசைக்காமல் வைத்திருப்பது கண்டூஷம். கொஞ்சமாக எடுத்துச் சுழற்றிக் கொப்பளிப்பது கவளம். இன்று ‘ஆயில் புல்லிங்’ என்று வீடுகளில் செய்வது பெரும்பாலும் கவளம்தான்.

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 5-ஆம் அத்தியாயம் இதன் பலன்களை வரிசையாகச் சொல்கிறது: தாடைக்கு வலு, குரலுக்குத் தெளிவு, நாக்குக்கு ருசி, தொண்டை வறளாது, உதடு வெடிக்காது, புளிப்புப் பட்டால் பல் கூசாது. அத்தனையும் வாயையும் தொண்டையையும் சுற்றியவை. சர்க்கரை நோயும் மூட்டுவலியும் தீரும் என்று இன்று பரவும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மி.லி. செக்கு நல்லெண்ணெய் போதும். வாயில் ஊற்றியதும் கெட்டியாக, வழுக்கலாக இருக்கும். பல்லிடுக்குகள் வழியே மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால், ஐந்தாறு நிமிடத்தில் இளகி, அளவு கூடி, பால்போல வெளுக்கும். இந்த வெண்மையைக் காட்டித்தான் ‘உடம்பின் நஞ்சு வெளியேறுகிறது’ என்கிறார்கள். அது நஞ்சல்ல. உமிழ்நீரில் உள்ள புரதங்கள் எண்ணெயை நுண்துளிகளாகப் பிரித்து மிதக்கவிடுகின்றன. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெயும் தண்ணீரும் கடைபட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். ஒரு நோயும் இல்லாதவர் கொப்பளித்தாலும் வெள்ளையாகத்தான் வரும்.

பலன் வருவது இந்தக் கடைதலிலிருந்துதான். பாகுத்தன்மை உள்ள திரவம் ஈறோரம் உரசிச் செல்லும்போது, பல்லில் படியும் இளகிய பாக்டீரியாப் படிவமான பல்படலம் கொஞ்சம் பெயர்ந்து வருகிறது. சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் சிறுவர் 20 பேரை இரண்டு வாரம் கவனித்தபோது, நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களின் பல்படலத்தில் சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் சிறிய ஆய்வு.

சுண்ணாம்பாக இறுகிவிட்ட காரையை எண்ணெய் அசைக்காது, அதைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சொத்தைக் குழியும் தானாக மூடாது. எண்ணெயில் ஃபுளோரைடு இல்லை. ஆகவே கொப்பளித்து முடித்து வெந்நீரில் வாயலசியபின் வழக்கம்போல் பல் துலக்கியே ஆக வேண்டும். இதைத் துலக்குவதற்கு மாற்றாக எடுத்துக்கொள்வதுதான் நாம் காணும் பெரிய தவறு.

முதல் வாரம் 5 நிமிடம், பிறகு 10 முதல் 15 நிமிடம். தாடை வலித்தால் வேகம் அதிகம் என்று பொருள். விளக்கேற்றும் தீப எண்ணெயை ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள், அது உண்பதற்கானதல்ல. தொண்டைக்குள் வைத்துக் கடகடவென்று கொப்பளிக்கவும் கூடாது. தண்ணீர் மூச்சுக்குழலில் போனால் உடனே இருமல் வரும்; எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் நழுவிவிடும். அங்கே அதை உடம்பால் எளிதில் அகற்ற முடியாமல் ஒருவகை நிமோனியா உண்டாகும். சிறு குழந்தைகளுக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் விழுங்காமல் பழைய செய்தித்தாளில் துப்பிக் குப்பையில் போடுங்கள். நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கொப்பளித்தால், அது சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வாஷ்பேசினில் துப்பினால் நாளடைவில் குழாய் அடைக்கத் தொடங்கலாம்.