இயற்கை முகாமுக்கு அனுப்பும் முன் கால அட்டவணையைக் கேளுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இயற்கை முகாம் நடத்துகிறார்களாம் டாக்டர், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். பிள்ளையை அனுப்பலாமா?" அனுப்புங்கள் என்பதே குழந்தை மருத்துவராக என் பதில். வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணுக்கே நல்லது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் திறந்த வெளியில் வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் படித்தவர்களில் அது சுமார் 40 சதவீதம். 2015-இல் வெளியான இந்த முடிவு, வாரம் முழுவதும் கைபேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது.

ஆனால் பெற்றோர் விசாரிப்பது கயிற்றுப் பாலம் உண்டா, சான்றிதழ் தருவார்களா என்றுதான். முதலில் கேட்க வேண்டியது கால அட்டவணையை. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மைதானத்தில் என்ற ஏற்பாடு குளிர்நாடுகளின் கோடைக்குப் பொருந்தும். கத்திரி வெயிலில் நம் ஊரில் அது ஆபத்து. ஆறரை மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் நடையை முடிக்கும் முகாமை நான் நம்புவேன். பறவைகளும் அந்த நேரத்தில்தான் நன்றாகக் கண்ணில் படும். உச்சி வேளைக்குப் புளிய மர நிழல் போதும். முடிச்சுப் போடுவது, நார் திரிப்பது, இலையைத் தொட்டு மரத்தை அறிவது எல்லாம் உட்கார்ந்தே கற்கக்கூடியவை.

விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகம் உறைப்பதில்லை. அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளானால் இன்னும் குடிக்க வேண்டும் என்று பிள்ளையே தெரிந்துகொள்வது, கூடாரம் கட்டுவதைவிடப் பெரிய திறமை என்பேன். துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென ஒதுங்கி உட்கார்ந்தால், தலைவலிக்கிறது, குமட்டுகிறது என்றால், அன்றைய விளையாட்டு அதோடு போதும். பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளைக்கு வாய் வழியே எதுவும் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

அடுத்தது பாம்பு. பெற்றோர் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான், முகாம்கள் பேசத் தயங்குவதும் இதைத்தான். கல் இடுக்கிலும் விறகுக் குவியலிலும் கை விடாமல் இருப்பது, புதருக்குள் போன பந்தைக் கோலால் எடுப்பது, மூடிய காலணி அணிவது ஆகியவை முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும். கடிபட்ட பிள்ளைகள் திட்டு விழும் என்று பயந்து "முள் குத்திவிட்டது" என்று சொல்வதை மருத்துவமனையில் கேட்டிருக்கிறேன். "எது நடந்தாலும் சொல், திட்ட மாட்டோம்" என்று முகாம் உறுதி கொடுக்க வேண்டும். கடித்த இடத்தைக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், அந்தக் கையையோ காலையோ அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்று முகாம் நடத்துபவரைக் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை, 1978-இல் தொடங்கப்பட்ட, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக எடுத்துத் தருகிறது. தடம் பார்த்துப் புற்றை அறியும் இருளர் பெரியவர் ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து ஆசானாக அழைத்து வரும் முகாம் கிடைத்தால், கொஞ்சம் தொலைவானாலும் அங்கே அனுப்புங்கள்.

குளத்திலோ குவாரிக் குட்டையிலோ குளியல் உண்டு என்றால் என் பதில் மாறிவிடும், வேண்டாம். குவாரியில் ஓரடி எடுத்து வைத்தாலே ஆழம் வந்துவிடும். வழி தவறினால் நடந்துகொண்டே இராமல் ஒரு மரத்தடியில் நின்று விசில் ஊத வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஆஸ்துமா இன்ஹேலரையும் வலிப்பு மாத்திரையையும் பையில் போட்டு அனுப்பினால் போதாது. பொறுப்பாளர் கையில் கொடுத்து, பயன்படுத்தும் முறையைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

முகாம் முடிந்து மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை புதர்க்காட்டில் இருந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் மழைக்குப் பிந்தைய மாதங்களில்தான் அதிகம் என்றாலும், மற்ற மாதங்களிலும் வரும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எங்காவது சிகரெட் சூடு பட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் பிள்ளைக்கே தெரியாது. குளிப்பாட்டும்போது தேடிப் பாருங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரைகளிலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடும்.