தெரா: கோயிலா, விகாரையா, பள்ளியா?

ஜப்பானின் கியோத்தோ நகரின் கிழக்குப் பகுதியில், ஒதொவா மலைச்சரிவில் கியோமிசுதெரா நிற்கிறது. அங்கே போய்வந்து தமிழில் எழுதுபவர்கள் பலரும் 'கியோமிசு டெரா கோயில்' என்று எழுதுகிறார்கள். இந்த மூன்று சொற்களில் இரண்டு திருத்தப்பட வேண்டியவை.

'கியோமிசு' என்றால் தூய நீர். மலையிலிருந்து மூன்று தாரைகளாக விழும் ஒதொவா அருவிதான் அந்தப் பெயருக்குக் காரணம். நீண்ட காம்புள்ள அகப்பையில் அந்த நீரை ஏந்திக் குடிக்க இன்றும் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். 'தெரா' என்பது பௌத்தத் துறவிகளின் இருப்பிடமும் வழிபாட்டிடமும் சேர்ந்த வளாகம். பெயருக்குள்ளேயே தெரா இருக்கும்போது பின்னால் 'கோயில்' சேர்ப்பது கூறியது கூறல்.

'டெரா' என்பதும் பிழை. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ட' போடுகிறோம். நாவை மடித்து ஒலிக்கும் அந்த ஒலியே ஜப்பானிய மொழியில் இல்லை. தனித்து வரும்போது 'தெரா'வின் முதல் எழுத்து 'தம்பி'யின் தகரம்போல வன்மையாக ஒலிக்கும். இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் 'பந்து' என்பதில் உள்ள தகரம்போல மென்மையாகிவிடும். ஜப்பானியர் இதை 'ரெந்தாகு' என்கிறார்கள். மேலே ஏறும் கல்பாவிய தெருவான சன்னென்சகாவின் பெயரிலும் இதே மாற்றம்தான்: சரிவைக் குறிக்கும் 'சகா'வின் முதல் ஒலி அங்கே மென்மையாகிறது. நமக்கு இதில் சிரமமே இல்லை. ஒரே தகரத்தை இடத்துக்கேற்ப இருவகையாக ஒலித்துப் பழகியவர்கள் நாம். 'கியோமிசுதெரா' என்று சேர்த்து எழுதினால் போதும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆறாம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்தின் பேக்ஜே அரசிலிருந்து பௌத்தம் ஜப்பானுக்கு வந்தது. கோயிலைக் குறிக்கும் கொரியச் சொல்லின் பழைய வடிவமே 'தெரா' ஆனது என்பது ஒரு கருத்து. மூத்த துறவியைக் குறிக்கும் பாலிச் சொல்லான 'தேர' என்பதே மூலம் என்பது மற்றொன்று. அந்தப் பாலிச் சொல் நமக்குப் புதிதன்று. சம்பந்தர் தேவாரத்தில் பௌத்தத் துறவிகள் 'தேரர்' என்றே வருகிறார்கள். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் பிக்குகளைத் தேரர் என்றே எழுதுகின்றன.

தெராவை எழுதும் சீன எழுத்துக்கு முதற்பொருள் அரசு அலுவலகம். வெளிநாட்டு விருந்தினரை வரவேற்கும் அலுவலகத்தில் முதல் பௌத்தத் துறவிகளைத் தங்கவைத்ததால் அந்தப் பெயரே மடங்களுக்கும் நிலைத்தது என்பது சீன மரபு. அதே எழுத்தைச் சீன ஒலிப்பைத் தழுவி 'ஜி' என்றும் படிப்பார்கள். கின்ககுஜி, ஹோர்யூஜி என்ற பெயர்களின் ஈற்றில் இருப்பது அதுவே.

இனி, தமிழில் என்ன சொல்வது? இலங்கைத் தமிழரின் வழக்கில் உள்ள 'விகாரை' தெளிவான சொல். அன்றாட எழுத்துக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் என் மனம் சாய்வது 'பள்ளி'யின் பக்கம். சிலப்பதிகாரம் 'அறவோர் பள்ளி' என்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்தைச் சோழர் செப்பேடுகள் பள்ளி என்றே குறிக்கின்றன. திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரைக்குத் தமிழ்க் கல்வெட்டுகள் தரும் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. துறவிகள் தங்கிய இடத்தில் பிள்ளைகள் எழுத்துக் கற்றதால் பள்ளி பாடசாலையைக் குறிக்கலாயிற்று. 'எதோ' எனப்படும் காலத்து (1603–1868) ஜப்பானில் சிறுவர் எழுதப் படிக்கக் கற்ற இடத்தின் பெயரைப் பாருங்கள்: 'தெராகோயா', தெராப் பிள்ளைகளின் வீடு! கடல் கடந்த இரு மொழிகளில் துறவியின் இருப்பிடம் பிள்ளைகளின் கல்விக்கூடத்துக்குப் பெயர் தந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது.

ஆகவே பெயரை மொழிபெயர்க்க வேண்டுமானால் 'தெளிநீர்ப் பள்ளி' என்பேன். 778இல் தோன்றியதாக மரபு சொல்லும் இந்தப் பள்ளியின் இன்றைய முதன்மை மண்டபம் 1633இல் எழுந்தது. மண்டபத்தின் முன்னே சரிவின்மேல் நீளும் மரமேடை சுமார் 13 மீட்டர் உயரம். ஆணியின்றித் துளையும் நாக்குமாகக் கோத்த தூண்கள் அதைத் தாங்குகின்றன. துணிந்து ஒரு முடிவெடுப்பதை ஜப்பானியர் 'கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது' என்பார்கள். வேண்டுதலுக்காக உண்மையிலேயே குதித்தவர்கள் உண்டு. 1872இல் அது தடைசெய்யப்பட்டது. உள்ளே, மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் கன்னோன், அதாவது கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதர். அவரிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டறிந்தார் என்கிறது நம் இலக்கண நூலான வீரசோழியம்.

'கோயில்' என்ற சொல்லையும் வீணாக்க வேண்டியதில்லை. ஜப்பானின் தொன்மையான சமயமான ஷிந்தோவின் தெய்வங்களுக்குரிய இடம் 'ஜின்ஜா'. அதைக் கோயில் எனலாம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் கியோமிசுதெராவிலேயே குழப்பம் வரும். முதன்மை மண்டபத்துக்குப் பின்னால் சில படிகளுக்கு மேலே, காதல் கைகூட வேண்டுவதற்குப் பெயர்பெற்ற ஜிஷு ஜின்ஜா நிற்கிறது.