நண்பர்களோடு கழித்த வார இறுதி, மறுநாள் வரும் சோர்வு

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஃப்ரெண்ட்ஸோட சந்தோஷமாத்தான் இருந்தேன். இன்னைக்கு யாரோடயும் பேசப் பிடிக்கல. எனக்கு டிப்ரஷனா?" மனநல ஆலோசனை தரும் எங்களைப் போன்றவர்களுக்குத் திங்கட்கிழமைகளில் பழகிப்போன கேள்வி இது. பெரும்பாலானவர்களுக்குப் பதில், இல்லை என்பதுதான். ஆனால் அந்த நாளில் மனம் செய்யும் சில வேலைகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பிடித்தவர்களோடு இருந்தால் களைப்பே வராது என்று பலர் நம்புகிறார்கள். வரும். கலகலப்பாகப் பழகும்போது உற்சாகம் கூடுவதும், மூன்று மணி நேரம் கழித்துச் சோர்வு தட்டுவதும் ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. அதிகம் பேசாத சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, கூட்டம் என்றால் குஷியாகிவிடுகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே சோர்வு வந்துவிட்டது என்பதற்காக "எனக்கு ஜனங்களே ஒத்துக்கொள்ளாது" என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்தது தூக்கம். வேலை நாட்களில் இரவு 11 முதல் காலை 6 வரை தூங்குகிறீர்கள். தூக்கத்தின் நடுப்புள்ளி இரண்டரை மணி. வார இறுதியில் இரவு 2 முதல் காலை 10 வரை தூங்கினால் அது 6 மணி. மூன்றரை மணி நேர வித்தியாசம். ஊரைவிட்டு நகராமலே வேறொரு நேர மண்டலத்துக்குப் போய்வந்த மாதிரி. டில் ரோன்னபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு இதை 2006-ல் 'சோஷியல் ஜெட் லாக்' என்று குறிப்பிட்டது. எட்டு மணி நேரம் தூங்கியும் அலுப்பு தீரவில்லை என்று சொல்பவர்களிடம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குடித்திருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். அதன் மயக்கம் இறங்கும்போது காரணமில்லாத படபடப்பு வரும்.

இந்த நிலையில் இருக்கும் மூளைதான் மறுநாள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." "அவன் சிரிச்சது என்னைப் பார்த்துத்தானோ?" "சீக்கிரம் கிளம்பினாளே, என்னாலயா?" பேசியதை எல்லாம் ஓட்டி ஓட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம், கூச்சமும் சமூகப் பதற்றமும் உள்ளவர்களிடம் அதிகம், களைத்த நாளில் மற்றவர்களுக்கும் வரும். நான் கேட்பது இவ்வளவுதான்: அவர் முகம் சுளித்ததைப் பார்த்தீர்களா, சுளித்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்புறம் இன்னொன்று. அன்று நீங்கள் பேசியது வரிக்கு வரி நினைவிருக்கிறது, சரி. உங்கள் நண்பர் சொன்னதில் தர்மசங்கடமான ஒரு வரியைச் சொல்லுங்கள் பார்ப்போம். பலர் யோசித்துவிட்டுச் சிரித்துவிடுவார்கள். நண்பரும் தன் வரியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

2018-ல் எரிக்கா பூத்பி என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மையில் அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தது.

அதனால் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டு நீளமாக மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி ஒழுங்காகத் தூங்கி எழுந்த பிறகும் கேட்கத் தோன்றினால், இரண்டு வரி போதும். நட்பை முறித்துக்கொள்வது, குரூப்பிலிருந்து வெளியேறுவது போன்ற முடிவுகளுக்கும் இதுவே பொருந்தும். பதில் வராத வாட்ஸ்அப் மெசேஜை வைத்து அர்த்தம் கண்டுபிடிக்காதீர்கள். அந்தப் பக்கமும் ஆள் படுத்துத்தான் கிடப்பார்.

தனியாக இருப்பது அன்று நல்லதே. பதினைந்து நிமிடம் தனியே சும்மா உட்கார்ந்தாலே பதற்றம், பரபரப்பு போன்ற வேகமான உணர்ச்சிகள் தணிகின்றன என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் குதூகலமும் கூடவே தணிந்துவிடுகிறது. அந்த இறக்கத்தைத்தான் சிலர் சோகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுமானம். வார இறுதி போட்டோக்களை நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தால் அது ஓய்வில் சேராது. வழக்கமான நேரத்தை ஒட்டி எழுந்து காலை வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள். மதியம் தூங்கினால் இருபது நிமிடத்தோடு நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "இன்னைக்குக் கொஞ்சம் அமைதியா இருக்கணும், கோபமெல்லாம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மௌனமாக இருந்து அது சண்டையில் முடிந்த கதைகள் எங்களிடம் நிறைய வரும்.

எனக்குக் கவலை தருபவர்கள் வேறு. அமைதியான ஒரு நாளைக்கூடத் தாங்க முடியாமல் திங்கட்கிழமைக்கும் ஆள் தேடுகிறவர்கள், குடிக்காமல் நண்பர்களைப் பார்க்கவே முடியாதவர்கள். இவர்கள் ஒருமுறை வந்து பேசலாம். சோர்வும் நாட்டமின்மையும் இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் இருந்தால், பிடித்த விஷயங்களே பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், அதை வார இறுதியின் கணக்கில் எழுதாமல் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். நெருக்கமான ஒருவரிடம் உடனே சொல்லி, அன்றே அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.