மூணு மாசத்துல பாடி வராது தம்பி

இந்த வாரம் ஆலோசனைக்கு வந்தவருக்கு 21 வயது. ஜிம்மில் சேர்ந்து 14 வாரம். எடை 62 கிலோவிலிருந்து 64.5 கிலோ. பெஞ்ச் பிரெஸ்ஸில், அதாவது படுத்தபடி கம்பியை மேலே தள்ளும் பயிற்சியில், வெறும் கம்பியோடு தொடங்கியவர் இப்போது 45 கிலோவை பத்து ரெப் (பத்து முறை) தூக்குகிறார். இடுப்பளவு ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. இதைவிட நல்ல தொடக்கம் யாருக்கும் அமையாது. ஆனால் அவர் சொன்னது: "ஒண்ணுமே ஏறல சார். இன்ட்ரஸ்ட்டே போயிடுச்சு. மாஸ்டர் ஒரு கோர்ஸ் போடச் சொல்றாரு."

கோர்ஸ் என்றால் தசையை வேகமாக ஏற்றுகிற ஸ்டீராய்டு ஊசி. ஜிம் பக்கம் போகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆர்வம் போய்விட்டது என்று சொல்லி வருகிறவர்களிடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பெரும்பாலும் ஆர்வத்தில் ஒரு குறையும் இருப்பதில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து ஜிம்முக்கு ஓடுகிற பையனுக்கு ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்வது? தப்பு அவன் கையில் இருக்கும் அளவுகோலில். அந்த அளவுகோலை அவனுக்குக் கொடுத்தவர்கள் ஊசி போட்டவர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஊசி எதுவும் இல்லாமல், உணவும் தூக்கமும் சரியாக அமைந்த ஓர் இளைஞனுக்கு முதல் வருடத்தில் மாதம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை தசை கூடலாம். இரண்டாம் வருடம் அதில் பாதி. மூன்றாம் வருடம் அதிலும் பாதி. மூன்று மாதத்தில் கிடைப்பது ஒன்றரை முதல் மூன்று கிலோ, சராசரியாக இரண்டு கிலோ சொச்சம். கறிக்கடையில் இரண்டு கிலோ கறியைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடை, முதுகு, தோள், மார்பு, கை என்று உடம்பு முழுக்கப் பரப்பிவிட்டால் கண்ணாடியில் என்ன தெரியும்? சட்டையின் தோள்பட்டை லேசாகப் பிடிக்கும், அவ்வளவுதான். உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிய இன்னும் காலம் வேண்டும். எட்டு மாதம் பத்து மாதம் ஆகும்போது, ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற உறவினர்தான் முதலில் சொல்வார். தினமும் கண்ணாடி பார்க்கிற உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும்.

ஊசி போட்டவரோடு ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆய்வு போதும். 1996-ல் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்துச் செய்தது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, பத்து வாரம். ஊசி இல்லாமல் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை சுமார் 2 கிலோ கூடியது. ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. நடுவில் இருக்கும் வரியை இன்னொரு முறை படியுங்கள். பயிற்சியே செய்யாதவருக்கு, வியர்வை சிந்தியவரைவிட அதிகம் கூடியிருக்கிறது. அப்படிப்பட்டவரின் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு "எனக்கு ஏன் வரல" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அந்த ஆய்வில் ஊசி இல்லாதவர்களுக்குக் கிடைத்த இரண்டு கிலோவும், நான் மேலே சொன்ன கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு நடப்பது இயல்பானது.

"90 நாளில் மாற்றம்" போஸ்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் படத்தில் வயிற்றைத் தள்ளி, தோளைத் தொங்கவிட்டு, மங்கலான வெளிச்சம். இரண்டாம் படத்தில் மேலிருந்து விளக்கு, உடம்பில் எண்ணெய், அப்போதுதான் முடித்த பயிற்சியில் ரத்தம் ஏறிப் புடைத்த தசை. பல சமயம் அவர் முன்பு நல்ல உடற்கட்டோடு இருந்து, இடையில் விட்டுப் பிடித்தவர். ஒருமுறை வளர்ந்த தசை திரும்பி வருவது வேகம். புதிதாக வளர்ப்பது அப்படி இல்லை.

ஊசி பரவாத காலத்து உடம்பு வேண்டுமென்றால் கல்கத்தாவின் பாடிபில்டர் மனோகர் ஐச்சைப் பாருங்கள். உயரம் 4 அடி 11 அங்குலம். 1952-ல் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தன் உயரப் பிரிவில் பட்டம் வென்றபோது வயது ஏறக்குறைய 40. டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததே 1958-ல்தான். அவர் மறைந்தது 2016-ல், 104 வயதில். 40 வயதில் வென்ற பட்டத்துக்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கண்ணாடியை நம்பக் கூடாது என்றால் எதை நம்புவது? பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பயிற்சிக்கும் எடை, செட் (நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்று), ரெப் மூன்றையும் எழுதுங்கள். பெஞ்ச் பிரெஸ் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று செட்டில் 8, 8, 7 ரெப் வருகிறது. அடுத்த வாரம் 9, 8, 8. எடையைத் தொடாதீர்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் 42.5. ஏற்றியதும் ரெப் மறுபடி கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். இந்த ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் வரை பெரும்பாலும் தசை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 2.5 கிலோ ஏற்ற, கம்பியின் இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் வேண்டும். நிறைய ஜிம்களில் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட்டே கிடையாது. அதனால் ஒரேயடியாக 5 கிலோ ஏற்றி, ஃபார்ம் (தூக்கும் முறை) கெட்டு, தோள்பட்டை வலியோடு வருகிறார்கள். ஜிம் நடத்துகிறவர்களே, கண்ணாடிக்கும் கலர் லைட்டுக்கும் செய்கிற செலவில் நாலு ஜோடி 1.25 வாங்கி வையுங்கள்.

எடை மிஷின் ஏறுவது வாரம் மூன்று நாள், காலையில் கழிவறை போன பிறகு, சாப்பிடும் முன். மூன்றின் சராசரியை மட்டும் பாருங்கள். ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ ஏறும், அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர். இடுப்பளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் எடுங்கள். எடை மெல்ல ஏறி, இடுப்பு நின்ற இடத்தில் நின்று, நோட்டில் எண்கள் கூடினால் வேறு சான்று எதுவும் தேவையில்லை.

திங்கட்கிழமை எந்த ஜிம்முக்குப் போனாலும் பெஞ்ச் பிரெஸ்ஸில் வரிசை நிற்கும். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் தோள், இப்படி ஆறு நாள் அட்டவணை. இதில் ஒரு செவ்வாய் லீவு போட்டால் முதுகுக்கு அடுத்த வாய்ப்பு, கடைசியாகச் செய்த நாளிலிருந்து 14 நாள் கழித்துத்தான். இரண்டு செவ்வாய் தவறினால் "எல்லாம் போச்சு" என்ற எண்ணம் வந்து, அடுத்த வாரம் ஜிம்மே நின்றுபோகிறது. புதியவருக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு, ஒரு மணி நேரம் போதும். ஸ்குவாட், பெஞ்ச், ரோயிங், தோள் பிரெஸ், புல்டவுன், ருமேனியன் டெட்லிஃப்ட். ஒரு தசைக்கு வாரம் மொத்தம் பத்து செட். கனமான செட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் வரும் என்ற நிலையில் நிறுத்துங்கள். ஒரு நாள் தவறினாலும் அந்தத் தசைக்கு அதே வாரத்தில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மனசு உடையாது.

தவறிய நாளுக்காக யாரும் குற்றவுணர்ச்சிப்பட வேண்டாம். லண்டனில் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தன்னிச்சையாகப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. தேர்வு, தங்கை கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு வாரம் போனாலும் தசை கரைந்து ஓடிவிடாது. திரும்பி வரும்போது எடையைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்கினால் சில வாரத்தில் பழைய எண்களைப் பிடித்துவிடலாம்.

அதேபோல புரட்டாசியும் கார்த்திகை மாலையும். கறி இல்லை, முட்டை இல்லை, அதனால் ஜிம்மும் இல்லை என்று நிற்கிறார்கள். ஏன்? மீல் மேக்கர் காய்ந்த எடையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். பனீர் 18. பொட்டுக்கடலை, துவரம்பருப்பு 22 வாக்கில். விரதமும் இருக்கலாம், தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம்.

உணவுக்கு வருவோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இலக்கு. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். காலை நாலு இட்லி சாம்பார் 10 கிராம். மதியம் சாதம், சாம்பார், பொரியல், மோர் சேர்த்து 15. மாலை டீ பிஸ்கட் 3. இரவு மூன்று தோசை 10. மொத்தம் 40 கிராம் கிட்ட. "நல்லாத்தான் சார் சாப்பிடுறேன்" என்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் நிற்கிறார்கள். வயிறு நிறைகிறது, புரதம் பாதிகூட வருவதில்லை.

வீட்டுச் சாப்பாட்டை மாற்ற வேண்டாம், அம்மாவோடு சண்டையும் வேண்டாம். இட்லியோடு மூன்று முழு முட்டை, 18 கிராம். மதியம் பச்சை எடையில் 150 கிராம் கோழி நெஞ்சுக்கறி, 33 கிராம். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் 50 கிராம் வேர்க்கடலை, 12 கிராம். இரவு ஒரு டம்ளர் பால், 8 கிராம். இலக்கு வந்துவிட்டது. மஞ்சள் கருவைத் தூக்கி எறிகிறவர்களுக்கு: முட்டையின் புரதத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதில்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை ஏன் குப்பையில் போடுகிறீர்கள்? சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

புரதப் பொடி கட்டாயமில்லை. வாங்கினால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். டப்பாவிலிருந்து பிரித்துக் கவரில் கட்டித் தருவதை வாங்கவே வாங்காதீர்கள். 2024-ல் இந்தியாவில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்த ஆய்வில், பெரும்பான்மையானவற்றில் லேபிளில் போட்டிருந்த புரத அளவு சரியாக இல்லை. தசைக்குச் சக்தி தரும் துணைப்பொருளான கிரியாட்டின் மோனோஹைட்ரேட் எடுப்பதானால் தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமும் சரி. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் லேசாகக் கூடக் காட்டலாம், அதனால் அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரவு ஒன்றரை வரை போன், காலை ஐந்தரைக்கு ஜிம் என்றால் எந்த உணவும் கைகொடுக்காது.

கொழுப்பைக் குறைக்கிற காலத்தில் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம். 75 கிலோ ஆளுக்கு 375 முதல் 750 கிராம். அதைவிட வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், எரிச்சல் வரும், ஆசையும் வற்றும். மேடையில் நிற்கிற உடம்பு அந்த ஒரு நாளுக்கானது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், போட்டிக்குத் தயாரான ஓர் இயற்கை (ஊசி போடாத) பாடிபில்டருக்கு ஆறு மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன் கால்வாசிக்கு இறங்கியது, ஓய்வு நிலை இதயத் துடிப்பு 53-லிருந்து 27 ஆனது. போட்டி முடிந்து பல மாதம் கழித்தே தேறினார். வருடம் முழுக்க அப்படி இருக்க ஆசைப்படாதீர்கள்.

மாஸ்டர்களுக்கு நேராகவே சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. டிரென்பலோன் மாட்டுக்கான மருந்து. மெபென்டெர்மின் அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் விழுந்தால் போடுவது. அதில் ஒரு கிராம் தசையும் வளராது, இதயம்தான் தாறுமாறாக அடிக்கும். 21 வயதுப் பையன் உங்களை நம்பித்தான் கையை நீட்டுகிறான். அவனுக்குப் பாதி புரதம்தான் கிடைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் உங்கள் வேலை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தயவுசெய்து. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகு திரும்பி வரச் சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். அந்தச் சோர்வில்தான் அடுத்த கோர்ஸைத் தொடங்கிவிடுகிறார்கள். ஜிம்மில் கேட்டு இன்னொரு மாத்திரை வாங்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன், விரைகளை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள், ஈரல் பரிசோதனை, கொழுப்பு அளவு, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் இத்தனையும் பார்க்க வேண்டும். குழந்தை ஆசை இருந்தால் விந்துப் பரிசோதனையும். போட்ட பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மில்லி, எத்தனை வாரம், கடைசி ஊசி என்றைக்கு என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.