வெளியே பொறி வரும், உள்ளே வராது

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம்மூரில் எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, திரும்பவும் வயர் முனையிலுள்ள பிளக் கேப்பில் (மூடியில்) செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சின் ஹெட்டில் படும்படி வைத்துக்கொண்டு கிக்கரை உதைப்பது. 'டிக்' என்று நீலப் பொறி தெரிந்தால், "கரண்ட் வருது, பிளக்கு நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு கார்பரேட்டரில் கை வைத்துவிடுவோம்.

இந்தச் சோதனை பாதிதான் உண்மை பேசும். பொறியே வரவில்லையா, கோளாறு மின்சாரப் பக்கம்தான். சந்தேகமில்லை. ஆனால் வெளியே பொறி வந்துவிட்டது என்பதற்காக உள்ளேயும் வரும் என்று சொல்ல முடியாது.

காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தவைக்க வேண்டுமானால், அதிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிற அளவுக்கு வோல்டேஜ் வேண்டும். திறந்தவெளியில் 1 மி.மீ. இடைவெளியைத் தாண்ட 3000, 4000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் நிலைமை வேறு. பிஸ்டன் மேலேறி வந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை நெருக்கும்போது, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல எட்டுப் பத்து மடங்கு ஆகிவிடுகிறது. மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால், கிளம்புகிற எலக்ட்ரான் வேகம் பிடிப்பதற்குள் எதிலாவது மோதி நின்றுவிடுகிறது. அதே இடைவெளியைத் தாண்ட இப்போது 10,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். தேவைப்படும் வோல்டேஜ், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்று 1889இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷென் அளந்து காட்டினார். அப்போது அவர் மனதில் பைக்கெல்லாம் இருந்திருக்காது. ஆனாலும் பிளக் விஷயத்தில் பாதிக் கணக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது.

வோல்டேஜை எழுப்பித் தரும் இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தாலோ, பிளக் கேப்பில் கசிவு இருந்தாலோ, 6000 வோல்ட் வரைதான் எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அட்டகாசமாகப் பொறி விடும். உள்ளே போனால் மௌனம்.

வண்டி ஐடிலிங்கில் சமர்த்தாக ஓடும், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மட்டும் திக்கும். அதற்கும் இதே கணக்குத்தான். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் கொஞ்சம் கலவைதான் போகிறது, அழுத்தம் குறைவு. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் சிலிண்டர் நிரம்புகிறது, அழுத்தம் ஏறுகிறது, வோல்டேஜும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தேய்ந்த பிளக் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அழுத்தத்தை நாம் மாற்ற முடியாது. இடைவெளியை, அதாவது பிளக் நுனியில் நடுக்கம்பிக்கும் அதன்மேல் வளைந்து நிற்கும் வளைகம்பிக்கும் நடுவிலுள்ள தூரத்தை, மாற்றலாம். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கைக் கொறித்துக்கொண்டு போகிறது. பெரும்பாலான ஒற்றைச் சிலிண்டர் பைக்குகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நான்கு ஸ்ட்ரோக்கில் அதில் பாதி, புகை வெளியேறும் நேரத்தில் வெட்டியாகப் போகும். ஆக, 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 6000 பொறி. 0.7 மி.மீ. இருந்த இடைவெளி நாளாக நாளாக 1 மி.மீ. பக்கம் போய்விடும். கூடவே நடுக்கம்பியின் கூரான விளிம்பு மழுங்கும். கூரான விளிம்பில் மின்புலம் குவியும், பொறி சுலபமாகக் கிளம்பும். உருண்டுபோன விளிம்புக்கு அதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் இடைவெளியைச் சரிசெய்யும்போது நடுக்கம்பியின் தலையைச் சின்ன அரத்தால் தட்டையாக ராவிவிடுவதும் வெட்டி வேலை அல்ல.

சரி, இடைவெளியைக் குறைத்தே வைத்துவிட்டால் என்ன? பொறி தாண்டும், ஆனால் தீ பிடிக்காது. பொறி பற்றவைப்பது முதலில் ஒரு குட்டித் தீப்பந்தைத்தான். அது வளர்ந்துதான் மொத்தக் கலவையும் எரிய வேண்டும். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால், இரண்டு பக்கமும் நிற்கும் உலோகம் அந்தத் தீப்பந்தின் சூட்டை உறிஞ்சி, வளருமுன் அணைத்துவிடும். கலவை கொஞ்சமாகப் போகும் ஐடிலிங்கில்தான் இது அதிகம் படுத்தும். ஆக, காயில் தாண்டவைக்க முடிந்த அளவுக்கு அகலம், தீ தப்பிப் பிழைக்கிற அளவுக்கு இடம். பழைய 100 சிசி பைக்குகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ., இப்போதைய பல பைக்குகளுக்கு 0.8 அல்லது 0.9, கார்களுக்கு 1 மி.மீ. சுற்றி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதுதான் கடைசி வார்த்தை.

ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் நல்லது. இல்லாத பட்டறைகளில் ஆக்சா பிளேடை விட்டுப் பார்ப்பார்கள். கேலிக்குரிய விஷயமில்லை அது. சாதாரண ஆக்சா பிளேடின் கனம் 0.63 மி.மீ. அளவில் இருக்கும், பழைய பைக்குகளுக்கு ஏறக்குறைய சரியான அளவு. ஆனால் முதுகுப் பக்கத்தைத்தான் விட வேண்டும். பற்கள் இருபுறமும் மாறிமாறி வளைந்திருப்பதால் அந்தப் பக்கம் அகலம் கூடிவிடும். பிளேடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், சும்மா ஆடக் கூடாது, திணிக்கவும் கூடாது. குறைக்க வேண்டுமானால் வளைகம்பியை ஒரு மரத்துண்டில் மெல்லத் தட்டுங்கள். கூட்ட வேண்டுமானால் வளைகம்பியை மட்டும் பிடித்து நிமிர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பினால் விசை நடுக்கம்பியில் இறங்கி, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும். அந்த விரிசல் கண்ணில் படாது, மின்சாரத்துக்குப் பட்டுவிடும். இரிடியம் பிளக்கில் நடுமுனை அரை மி.மீ. கனம்தான். அதில் பிளேடையோ அரத்தையோ காட்டாமல் இருப்பதே அதற்குச் செய்கிற உபகாரம்.

இனி, ஓடிய பிளக்கைக் கழற்றினால் தெரியும் நிறத்துக்கு வருவோம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முனை, எஞ்சின் ஓடும்போது சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கும் 850க்கும் நடுவில் இருக்க வேண்டும். 450க்குக் கீழே இருந்தால் படிகிற கரி எரியாமல் அப்படியே தங்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காயில் வோல்டேஜை எழுப்ப எழுப்ப, அது இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் மேலிருக்கும் கரி வழியாகக் கசிந்து இரும்பு உடலுக்குப் போய்விடும். இதைத்தான் பிளக் ஷார்ட் என்கிறோம். பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் பிளக் அடிக்கடி அடைபடுவதற்கும், பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டினால் அதுவே சரியாவதற்கும் இந்த 450தான் காரணம். 850ஐத் தாண்டிப் போனாலோ ஆபத்து வேறு மாதிரி. முனை தணல் போலச் சிவந்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை அந்த வெடிப்பு கீழே தள்ளப் பார்க்கும். முற்றினால் பிஸ்டனில் ஓட்டை.

பீங்கான் முனை நீளமாக இருந்தால் சூடு வெளியேற நெடுவழி போக வேண்டும், முனை சூடாகவே நிற்கும். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் ஹெட்டுக்கு இறங்கிவிடும். பிளக் எண்ணில் இருக்கும் 6, 7, 8 எல்லாம் இதைத்தான் குறிக்கின்றன. பொறியின் வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ஜிகே கம்பெனிப் பிளக்கில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. நம்மூர்க்காரர்கள் மைக்கோ என்றே இன்னும் சொல்லும் பாஷில் நேர்மாறு, எண் ஏறினால் சூடு. கடைக்காரர் "அதே நம்பர்தான் சார்" என்று வேறு கம்பெனிப் பிளக்கைக் கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிளக்கின் நிறத்தைப் படிப்பதில் பலரும் கோட்டைவிடுவது எப்போது கழற்றுவது என்பதில். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து, ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று, வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டுவிட்டுக் கழற்றினால், பிளக் அந்த ஐடிலிங்கின் கதையைத்தான் சொல்லும். நெடுஞ்சாலையில் நடந்ததன் மேல் கரி பூசியாகிவிட்டது. முழு ஆக்சிலேட்டரில் கலவை எப்படி என்று தெரிய வேண்டுமானால், புதுப் பிளக் மாட்டி, வண்டி நடமாட்டமில்லாத இடத்தில் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த கையோடு எஞ்சினை நிறுத்தி, உருண்டு வந்து ஓரங்கட்டிக் கழற்ற வேண்டும். கையுறை மறக்க வேண்டாம்.

பார்க்கும்போதும் நுனியை மட்டும் பார்த்தால் போதாது. வெளி விளிம்பு வளையம் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. பீங்கான் இரும்புக்குள் இறங்கி மறைகிற அடிப்பகுதியில், டார்ச் அடித்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு மெல்லிய கரி வளையம் தெரியும். முழு ஆக்சிலேட்டரில் மெயின் ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் முக்கியத் துளை) தரும் பெட்ரோல் சரியா என்பதை அதுதான் சொல்லும். வளையம் தடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வளையமே இல்லாமல் அடிவரை வெள்ளை என்றால் குறைவு.

கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு அல்ல. விரலால் தேய்த்துப் பாருங்கள். விளக்குக் கரி மாதிரி உலர்ந்து பொடியாக ஒட்டினால், பெட்ரோல் மிகுதி: அடைந்த ஏர் ஃபில்டர், தள்ள மறந்த சோக், தேய்ந்த நீடில் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஊசி) என்று காரணங்களைத் தேடலாம். பொறி பலவீனமாக இருந்தாலும் இதே கரிதான். பிசுபிசுவென்று பளபளத்தால் அது ஆயில். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கார்பரேட்டரை எத்தனை முறை திருகினாலும் அது தீராது. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு விதிவிலக்கு உண்டு. ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகள் ஆயிலை எரித்துத்தான் ஓடுகின்றன, கொஞ்சம் ஈரம் இயல்பு. பெட்ரோலோடு எரியும் 2டி ஆயிலைக் கை தாராளமாக ஊற்றினால் கரி உருண்டு இடைவெளியையே அடைத்துவிடும்.

கறுப்பு தொல்லை, வெள்ளை ஆபத்து. சுண்ணாம்பு போல வெளுத்து, பீங்கானில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்தோ, பொறி வரும் டைமிங் முந்தியோ பிளக் மிகச் சூடாகியிருக்கிறது. அதோடு மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்பும் மினுமினுப்புமாகப் புள்ளிகள் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். மினுங்குவது பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம்.

நல்ல பிளக் 'காபி நிறத்தில்' இருக்கும் என்பது பழைய பாடம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்தப் பழுப்பில் ஈயப் படிவுக்கும் பங்கு இருந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் போய்விட்டது. இன்றைய நல்ல பிளக் வெளிறிய சாம்பலாகவோ மங்கிய சந்தன நிறமாகவோ இருந்தாலே போதும். காபி நிறம் வரவைக்க ஜெட்டை மாற்றிக்கொண்டே போனால் பெட்ரோல்தான் வீண். இன்னொரு மாற்றம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும், ஏனென்றால் எத்தனாலே ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருகிறது. பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே கலக்கும், கலவை மெலியும், பிளக் முன்பைவிட வெளுக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பிளக்கை இப்போது அடிக்கடி பார்ப்பது நல்லது.

திருத்துவதற்கு முன் எந்த நிலையில் கோளாறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஐடிலிங்கில் கறுத்தால் பார்க்க வேண்டியவை, அப்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும். பாதி ஆக்சிலேட்டரில் என்றால் நீடில்: கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலேட்டரில்தான் மெயின் ஜெட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்துத் திருகிவிட்டால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊட்டிக்கு ஏறிய பழைய பைக்கில் பிளக் கறுத்தால் எதையும் தொட வேண்டாம். 2200 மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மேட்டுப்பாளையம் இறங்கினால் தானே தெளிந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது முதலில் ஸ்பேனர் வேண்டாம், விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் கைக்கே தெரிந்துவிடும். புதுப் பிளக் என்றால் அதன்பின் ஸ்பேனரில் அரைச் சுற்று, வாஷர் நசுங்க வேண்டும். பழையது என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், லேசான ஒரு இழுப்பு போதும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அடுத்த நிறுத்தம் லேத் பட்டறைதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் அளவை சென்சார் பார்த்துக்கொள்கிறது, திருக ஜெட்டும் இல்லை. ஆனால் ரிங் தேய்ந்ததையும் பீங்கானில் விரிசல் விட்டதையும் சென்சார் நேராகக் காட்டாது. நான்கு சிலிண்டர் காரில் பிளக்குகளைக் கழற்றிய வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்: ஏர் ஃபில்டர், சென்சார், பெட்ரோல் பிரஷர். ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரின் காயில், இன்ஜெக்டர், வால்வு, ரிங். அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி மாட்டிச் சில நாள் ஓட்டுங்கள். கறுப்பும் கூடவே இடம் மாறினால் காயில் மட்டும் மாற்றினால் போதும்.